வேளச்சேரியில் ஜிம் சேரணும்: வருஷக் கட்டணமா, மூணு மாசமா, ஆப் பாஸா?

#1 நிலா_விஜயநகர்

எல்லோருக்கும் வணக்கம். வீடு வேளச்சேரி விஜயநகர், வேலை தரமணி. ஷிப்ட் காலை 11 முதல் இரவு 8 வரை. வெயிட் டிரெய்னிங்தான் நோக்கம். ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்குவது), பிரஸ் (தலைக்கு மேல் எடையைத் தள்ளுவது) மூன்றையும் முறையாகக் கற்றுக்கொள்ளணும். ஜும்பா, ஸ்டீம் பாத் எதுவும் வேண்டாம். மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது.

மூன்று இடம் விசாரித்தாச்சு.

அ) வீட்டிலிருந்து 700 மீட்டரில் ஒரு லோக்கல் ஜிம். மாதம் 1,500, மூணு மாசம் 3,900, வருஷம் 10,000. அட்மிஷன் தனியாக 1,000. ஏசி கிடையாது.

ஆ) 4 கிலோமீட்டரில் பெரிய செயின் ஒன்றின் கிளை. வருஷம் 18,000, "இன்றைக்கே கட்டினால் 14,999", ஜிஎஸ்டி தனி. மாதக் கட்டணமே இல்லை. வட்டியில்லா இஎம்ஐ உண்டு என்கிறார்கள்.

இ) ஆப் வழியாக எடுக்கும் பாஸ். பல கிளைகளுக்குப் போகலாம். எல்லாம் சேர்த்து வருஷம் கிட்டத்தட்ட 20,000.

எதை எடுப்பது, கையெழுத்துப் போடும் முன் என்னென்ன பார்ப்பது?

#2 வரவுசெலவு

நிலா, முதலில் ஒரு சின்னக் கணக்கு. அ-வில் மூணு மாசம் 3,900 என்றால் மாதத்துக்கு 1,300. வருஷத் தொகை 10,000-ஐ 1,300-ஆல் வகுத்தால் 7.7. ஆனால் மூணு மூணு மாசமாகத்தான் கட்ட முடியும்: ஆறு மாதத்துக்கு 7,800, ஏழாவது மாதம் தொடங்கினால் 11,700. அதாவது ஏழாவது மாதத்திலும் நீங்கள் போய்க்கொண்டிருந்தால்தான் வருஷக் கட்டணம் லாபம். அதற்கு முன்னால் நின்றுபோனால் மூணு மூணு மாசமாகக் கட்டியதுதான் மலிவு. எந்த ஜிம்மின் கட்டண அட்டையையும் இப்படிப் பாருங்கள். வருஷத் தொகை எத்தனை மாதத் தொகைக்குச் சமம் என்பதுதான் கேள்வி. எத்தனை சதவீதம் தள்ளுபடி என்று அவர்கள் போட்டிருப்பது உங்கள் கணக்குக்கு உதவாது.

அடுத்தது ஒரு தடவை போய் வர என்ன செலவு என்பது. அ-வில் வாரம் 4 நாள், வருஷத்துக்கு 48 வாரம் என்று வைத்தால் 192 தடவை. 10,000 ரூபாய்க்கு ஒரு தடவை 52 ரூபாய். ஆ-வுக்குப் போக வர 8 கிலோமீட்டர். வேளச்சேரி போக்குவரத்தில் அது வாரம் 2 நாளாகச் சுருங்கினால் 96 தடவை. 14,999-உடன் 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 15,749. ஒரு தடவைக்கு 164. ஸ்கூட்டர் பெட்ரோல் இருபது ரூபாயையும் சேருங்கள். கட்டண அட்டையில் ஒன்றரை மடங்காகத் தெரிகிற வித்தியாசம் நடைமுறையில் மூன்று மடங்குக்கு மேல் போய்விடுகிறது. காரணம் தூரம் மட்டும்தான்.

"இன்றைக்கே" என்கிற சலுகைக்கு அவசரப்படாதீர்கள். விற்பனை இலக்கு மாதக் கணக்கில் இருப்பதால் மாதக் கடைசியில் அதே விலை, சில சமயம் அதைவிடக் குறைந்த விலை திரும்ப வரும். ஜனவரி, ஆடி, ஆயுத பூஜை என்று வருஷத்தில் பல தடவை போஸ்டர் மாறும்.

#3 இரும்புத்தட்டு

நீங்கள் செய்யப்போவது ஸ்குவாட், டெட்லிஃப்ட் என்பதால் ஏசி, கண்ணாடி, விளக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராக ரேக் (ராடைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டம்) இருக்கும் இடத்துக்குப் போங்கள்.

ரேக் எத்தனை? இருபுறமும் சேஃப்டி பார் (எடை கைதவறினால் தாங்கும் கம்பி) உண்டா? ஸ்குவாட் நாலு செட், செட்டுக்கு நடுவில் இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு என்றால் ஒரு ஆளுக்கே பதினைந்து நிமிடம் ஆகிவிடும். ஒரே ரேக் உள்ள ஜிம்மில் ஒரு மணி நேரத்துக்கு நாலு பேர்தான் முடியும். அதனால் நீங்கள் வழக்கமாகப் போகப்போகும் அதே நேரத்தில் போய் ரேக்கில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஞாயிறு மதியம் சுற்றிக் காட்டினால் எந்த ஜிம்மும் காலியாகத்தான் தெரியும். உங்கள் ஷிப்டுக்குக் காலை 8.45-க்கு மேல் நல்ல நேரம். ஆபீஸ் கூட்டம் அதற்குள் கிளம்பியிருக்கும். இரவு 8-க்கு மேல் போனால் நெரிசலில் மாட்டுவீர்கள்.

ராடு விஷயம் முக்கியம். ஒலிம்பிக் பார் என்றால் 20 கிலோ, தட்டு மாட்டும் முனை 50 மில்லிமீட்டர். பெண்களுக்கான பார் 15 கிலோ, பிடி கொஞ்சம் மெலிதாக இருக்கும். பழைய லோக்கல் ஜிம்களில் ஒரு அங்குல ராடுகள் அதிகம். அவற்றின் எடை ராடுக்கு ராடு மாறும், மேலே எதுவும் எழுதியிருக்காது. எடை மெஷினில் வெறுமனே ஒரு தடவை, ராடைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை ஏறி நின்று கழித்துப் பாருங்கள். ராடின் எடை தெரியாமல் நோட்டில் எழுதும் கணக்கு எதற்கும் உதவாது.

தட்டுகளில் 1.25 கிலோ ஜோடி இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலானோர் கவனிக்காத இடம் இது. சின்னத் தட்டு 2.5 என்றால் ஒவ்வொரு தடவையும் 5 கிலோ ஏற்றியாக வேண்டும். ஷோல்டர் பிரஸ்ஸில் 20-லிருந்து 25-க்குப் போவது ஒரே தாவலில் 25 சதவீதம். புதிதாகத் தொடங்குகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், அந்த இடத்தில் மாதக்கணக்கில் நின்றுபோவதற்கு உடம்பு காரணமில்லை, தட்டுதான் காரணம். ஜிம்மில் இல்லாவிட்டால் பெரியமேடு விளையாட்டுச் சாமான் கடைகளில் சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஜிம் ராடின் முனைக்குத் துளை அளவு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ஸ்மித் மெஷினைக் காட்டி "இதுதான் ஸ்குவாட் ரேக்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். அதில் பார் ஒரே தடத்தில் ஓடும், பல மெஷின்களில் எதிர்எடையும் தொங்கும். உடம்பைச் சமநிலையில் பிடிக்கப் பழகவே முடியாது.

#4 பெல்ட்_கேபிள்

ரேக்கைச் சகோதரர் சொல்லிவிட்டார். மெஷின் பராமரிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் சொல்கிறேன். ஐந்து நிமிட வேலைதான்.

லாட் புல்டவுன் (மேலே இருக்கும் பாரைக் கீழே இழுக்கும் மெஷின்) கேபிளை முழு நீளத்துக்கும் பாருங்கள். பிளாஸ்டிக் உறை விரிந்து உள்ளே கம்பி இழை தெரிந்தால், அல்லது கைப்பிடி மாட்டும் முனையில் கேபிள் வளைந்து முடிச்சு போல நின்றால் அது மாற்றவேண்டிய கேபிள். கேபிள் அறுவது பெரும்பாலும் அந்த முனையிலும் கப்பியைச் சுற்றி வளையும் இடத்திலும்தான். அறுந்தால் பார் நேராகத் தலையில் விழும். எடை அடுக்கில் செருகும் பின் அசல் பின்னாக இருக்க வேண்டும். ஆணியோ ஸ்க்ரூ டிரைவரோ செருகியிருந்தால் பராமரிப்பு எப்படி என்று அதிலேயே தெரிந்துவிடும்.

டிரெட்மில்லில் மணிக்கு 4 கிலோமீட்டரில் நடந்துகொண்டே காலைக் கொஞ்சம் அழுத்தி ஊன்றுங்கள். பெல்ட் ஒரு கணம் நின்று ஓடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் சிலிக்கான் எண்ணெய் போட்டு நாளாகிவிட்டது. உராய்வு கூடினால் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும், கடைசியில் போர்டு எரியும். அப்புறம் "சர்வீஸுக்குச் சொல்லியிருக்கிறோம்" என்ற அட்டை மாதக்கணக்கில் தொங்கும். அவசர நிறுத்தச் சாவி கயிற்றோடு இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடியைத் தொடும்போது லேசாகச் சுருக்கென்று ஷாக் தட்டினால் எர்த்திங் சரியில்லை. வியர்வைக் கையோடு ஓடும் இடத்தில் அதைச் சின்ன விஷயமாக விடக்கூடாது.

ஏசி இருக்கும் ஜிம்மில் "எத்தனை மணிக்கு ஏசி போடுவீர்கள்" என்று கேளுங்கள். நெரிசல் நேரத்தில் மட்டும் போட்டு, 9 மணிக்கு அணைக்கும் இடங்கள் நிறைய. ஏசிக்காக மூடிய ஜன்னல், அணைத்த ஏசி என்றால், மே மாதத்தில் காற்றோட்டமான சாதா ஜிம்மைவிட அது மோசம். ஏசி இல்லாத இடத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா, ரேக்குக்கு மேல் ஃபேன் இருக்கிறதா என்பது போதும். வேளச்சேரி என்பதால் இன்னொன்றும் பாருங்கள்: ஜிம் பேஸ்மெண்டில் இருந்தால் நவம்பர், டிசம்பர் மழையில் என்ன ஆகும் என்று அக்கம்பக்கத்துக் கடையில் விசாரியுங்கள்.

#5 சட்டப்படி

பணம் கட்டும் முன் காகிதத்தைப் பாருங்கள். வரிசையாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

ஜிஎஸ்டி: 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம், யோகா மையம், சலூன் போன்ற சேவைகளுக்கு வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. 14,999-க்கு இப்போது 750 ரூபாய். பழைய வீதம் என்றால் 2,700. யாராவது இன்னும் 18 போட்டு பில் கொடுத்தால் காரணம் கேளுங்கள். ஒரு விவரம்: இந்த 5 சதவீதத்தில் ஜிம்முக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. வாடகைக்கும் மெஷினுக்கும் அவர்கள் கட்டிய வரியைக் கழிக்க முடியாது என்பதால் அடிப்படைக் கட்டணத்தை ஏற்றிய இடங்களும் இருக்கலாம். அதனால் வரி உட்பட மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சின்ன ஜிம் பொதுவாகப் பதிவே செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி என்று தனியாக வசூலிக்க முடியாது. பில்லில் 15 இலக்க எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-இல் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அந்தப் பெயர் ஏன் முக்கியம்? பெரிய செயின்களின் கிளைகளில் பல, பிராஞ்சைஸ் எடுத்த உள்ளூர் முதலாளியுடையவை. ஒப்பந்தம் உங்களுக்கும் அந்த உள்ளூர் நிறுவனத்துக்கும்தான். கிளையை மூடினால் தலைமையகம் பொறுப்பு ஏற்குமா, பக்கத்துக் கிளைக்கு மாற்றித் தருமா என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. பெயர் பெரிது என்பதற்காக இரண்டு வருஷத்துக்குக் கட்டுவது சரியில்லை. நாடு முழுக்கக் கிளை வைத்து, பங்குச் சந்தையிலும் இருந்த தல்வாக்கர்ஸ் 2019-ல் கடன் கட்ட முடியாமல் தடுமாறியபோது முன்பணம் கட்டியிருந்த உறுப்பினர்கள்தான் நடுவில் நின்றார்கள்.

நிறுத்தி வைக்கும் வசதி: "ஃப்ரீஸ் உண்டு" என்று வாயால் சொல்வதை நம்பாதீர்கள். எத்தனை நாள், எத்தனை தவணையாக, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், கட்டணம் உண்டா, மருத்துவக் காரணத்துக்குத் தனி நாட்கள் உண்டா? இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் வேண்டும். மெம்பர்ஷிப்பை வேறொருவருக்கு மாற்றும் வசதி, அதற்கான கட்டணம் இரண்டையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

"பணம் திருப்பித் தரப்பட மாட்டாது": ரசீதில் இப்படி அச்சடித்திருந்தாலும் சேவையே தராமல் நின்றுபோனால் அந்த வரி ஜிம்மைக் காப்பாற்றாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47)-இன்படி பில், ரசீது தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படிச் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதும் அதே. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். அவர்கள் சமரசம் பேசுவார்கள், உத்தரவு போட முடியாது. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இணையவழியாகவும் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: "இந்த ஒப்பந்தமே நியாயமற்றது" என்று ஒப்பந்தத்தையே எதிர்ப்பதானால் அது மாநில ஆணையத்துக்குப் போகும். மாவட்டத்தில் "சேவைக் குறைபாடு" என்று மனுவை அமைப்பதுதான் எளிது.

இதெல்லாம் கடைசி வழி. நீங்களே வராமல் இருந்துவிட்டுப் பணத்தைக் கேட்டால் எந்த ஆணையமும் எளிதில் வாங்கித் தராது. அதனால்தான் குறைந்த காலத்துக்குக் கட்டுங்கள் என்கிறேன்.

#6 மதுரை_மல்லன்

மன்னிக்கணும், மூணு மாசத்தையே எல்லோரும் பிடித்துக்கொண்டு நிற்பது சரியாகப் படவில்லை. மதுரையாகட்டும் சென்னையாகட்டும், முதலாளியே மாஸ்டராக நின்று சொல்லிக்கொடுக்கிற ஜிம்களில் வருஷத்துக்குக் கட்டியவரை அவர் கூடுதலாகக் கவனிப்பார். அ-வில் 10,000 என்பது மாதம் 833 ரூபாய். பட்ஜெட் போட்டு வருகிறவருக்கு மாதம் 467 ரூபாய் மிச்சம் பெரிய விஷயம். ஏற்கெனவே ஒரு வருஷமாக எங்காவது ஒழுங்காகப் போய்வருகிறவராக இருந்தால் வருஷக் கட்டணமே சரி. ஒப்பந்தம், பிரிவு 2(47) என்று லோக்கல் ஜிம் மாஸ்டரிடம் பேசினால் உறவே கெட்டுப்போகும்.

#7 வரவுசெலவு

மல்லன் அண்ணா, ஒழுங்காகப் போய்வருகிறவருக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அதற்காகத்தான் ஏழாவது மாதம் என்று கணக்குப் போட்டேன். புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் மூணு மாசம் சோதனைக் காலம். அதில் வாரம் 3 நாளுக்குக் குறையாமல் போயிருந்தால் நாலாவது மாதம் வருஷக் கட்டணத்துக்கு மாறலாம். அப்போது மொத்தமாக 3,900-உம் 10,000-உம் சேர்ந்து 13,900-க்குப் பதினைந்து மாதம் கிடைக்கும், மாதம் 927. நேராக வருஷத்துக்குக் கட்டுவதைவிட மாதம் 94 ரூபாய்தான் கூடுதல். ரிஸ்க்கை அவ்வளவு குறைக்க அது அதிகமில்லை.

#8 சட்டப்படி

அண்ணா, உறவு கெடாமலும் செய்யலாம். லோக்கல் ஜிம்மில் நிஜமாக வரும் சிக்கல் மாஸ்டரின் குணத்தால் வருவதில்லை. கட்டட வாடகை ஒப்பந்தம் முடிந்து இடம் மாறுவதும், ஜிம்மை இன்னொருவருக்குக் கைமாற்றி விடுவதும்தான். புது முதலாளி "பழைய பணம் என் கைக்கு வரவில்லை" என்பார். மாஸ்டரின் சொந்த எண்ணுக்கு யூபிஐ-யில் அனுப்பிவிட்டு ரசீது வாங்காமல் இருந்தால் காட்டுவதற்கு ஒன்றுமே இருக்காது. ஜிம் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்பி, குறிப்பில் "மெம்பர்ஷிப், மூணு மாசம், இன்ன தேதி முதல்" என்று எழுதி, அதையே அவருக்கு வாட்ஸ்அப்பிலும் போட்டு "சரி" என்று ஒரு பதில் வாங்கினால் போதும். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

#9 கௌரி_எஸ்

நிலா, பெண்கள் பக்கமிருந்து சிலது. லோக்கல் ஜிம்களில் "லேடீஸ் டைம்" பெரும்பாலும் காலை 10 அல்லது 11-இலிருந்து மாலை 4 வரை. உங்கள் ஷிப்டுக்கு அது முழுக்க வீண். மற்ற நேரத்தில் பெண்களைச் சேர்ப்பார்களா, அந்த நேரத்தில் வேறு பெண்கள் வருகிறார்களா என்று நேரில் பாருங்கள். 9 மணிக்குப் போகும்போது பெண்கள் கழிவறை திறந்திருக்கிறதா, இல்லை சாவி ரிசப்ஷனில் யாரோ ஒருவரிடம் இருக்கிறதா, உள்ளே தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிறதா என்று உள்ளே போய்ப் பாருங்கள். உடை மாற்றும் அறைக்கும் கேமராவுக்கும் இடையில் சுவர் இருக்க வேண்டும், திரைச்சீலை போதாது.

சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் தொட்டுத் திருத்தும் முன் கேட்கிறாரா, வாயாலும் செய்துகாட்டியும் திருத்தத் தெரிந்தவரா என்று டிரயல் நாளிலேயே கவனியுங்கள். "பெண்கள் வெயிட் தூக்கினால் உடம்பு முரடாகிவிடும், டிரெட்மில் மட்டும் போங்கள்" என்று சொல்கிற இடத்தில் உங்களுக்கு வேலையே இல்லை, தயங்காமல் திரும்பிவிடுங்கள். இந்தப் பேச்சைக் கேட்டு எத்தனையோ பெண்கள் எடை தூக்கவே தொடங்காமல் போயிருக்கிறார்கள். எலும்புக்கும் தசைக்கும் வயதான காலத்தில் துணை நிற்பது அந்த எடைதான். உலக சுகாதார நிறுவனமே பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சியோடு, தசைக்கான பயிற்சி வாரம் இரண்டு நாளாவது வேண்டும் என்கிறது. அதில் ஆண், பெண் வித்தியாசம் இல்லை.

#10 மாஸ்டர்_அடையாறு

பெர்சனல் டிரெய்னிங் பற்றி யாரும் தொடவில்லை. பட்ஜெட் உடைவது அங்கேதான். சேர்ந்த முதல் வாரமே "இலவச உடல் பரிசோதனை" என்று ஒரு மெஷினில் நிற்க வைத்து, கொழுப்புச் சதவீதம் காட்டி, மாதம் 6,000-க்கு 12 செஷன் என்று பேசுவார்கள். அந்த மெஷின் உடம்பில் உள்ள நீரைப் பொறுத்து எண்ணைக் கணிக்கிறது. தண்ணீர் குடித்திருப்பது, சாப்பிட்டிருப்பது, உடற்பயிற்சி முடித்து வந்திருப்பது எல்லாவற்றுக்கும் எண் மாறும். அதைப் பார்த்துப் பதறி முடிவெடுக்காதீர்கள்.

ஸ்குவாட்டும் டெட்லிஃப்டும் கற்க ஆள் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் மாதாமாதம் தேவையில்லை. 12 செஷனை வாரம் இரண்டாகப் பிரித்து ஆறு வாரத்துக்குக் கேளுங்கள். வழக்கமாக 30 நாளில் காலாவதி என்று போடுவார்கள், அதை 60 நாள் என்று மாற்றி எழுதி வாங்குங்கள். டிரெய்னர் வேலையை விட்டுப் போனால் மீதி செஷனுக்குப் பணமா, வேறு டிரெய்னரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்தத் துறையில் ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்கள்.

டிரெய்னர் தெரிந்தவரா என்று பார்க்க எளிய வழி: "டெட்லிஃப்ட்டில் முதுகு வளைகிறது, என்ன செய்ய?" என்று கேளுங்கள். எடையைக் குறைத்து, இடுப்பை மடக்கப் பழக்கி, தேவைப்பட்டால் தட்டுக்கு அடியில் கட்டை வைத்து உயரத்தைக் கூட்டுகிறவர் விஷயம் தெரிந்தவர். "பெல்ட் போட்டுக்கோங்க, சரியாயிடும்" என்றால் நகர்ந்துவிடுங்கள். சான்றிதழ் கேட்பதிலும் தவறில்லை. முதலுதவி, சிபிஆர் பயிற்சி பெற்றவர் அந்த ஷிப்டில் இருக்கிறாரா என்பதையும் கேளுங்கள்.

ரிசப்ஷனிலேயே புரோட்டீன் டப்பா விற்பார்கள். வாங்குவதானால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்கிறதா பாருங்கள். லேபிள் இல்லாத மாத்திரை, ஊசி என்று யாராவது பேச்செடுத்தால் அந்த ஜிம்மே வேண்டாம்.

#11 நிலா_விஜயநகர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். ஆ-வில் வட்டியில்லா இஎம்ஐ எடுத்தால் ரிஸ்க் குறையுமா? மாதாமாதம் கட்டுவது போலத்தானே? இன்னொன்று, அம்மாவுக்கு வயது 56, சர்க்கரையும் பிபியும் உண்டு. அவரையும் சேர்க்கலாமா?

#12 வரவுசெலவு

இஎம்ஐ மாதாமாதம் கட்டுவது போலத் தெரியும், ஆனால் அது கடன். நிதி நிறுவனம் தொகையை மொத்தமாக முதலிலேயே ஜிம்முக்குக் கொடுத்துவிடும். வட்டியை ஜிம் தன் பங்கிலிருந்து விட்டுக்கொடுக்கிறது, அவ்வளவுதான். 15,749-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் 1,312. செயலாக்கக் கட்டணம் தனி. மூன்றாவது மாதம் ஜிம் மூடினாலும் கடன் உங்களுக்கும் நிதி நிறுவனத்துக்கும் இடையில் அப்படியே நிற்கும். தவணையை நிறுத்தினால் சிபில் மதிப்பெண் அடிபடும். எடுத்தே ஆகணும் என்றால் கடனின் முக்கியத் தகவல் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை நாளுக்குள் அபராதமின்றி ரத்து செய்யலாம் என்பது அதில் இருக்கும்.

யூபிஐ ஆட்டோபே வேறு. அது கடன் இல்லை, மாதாமாதம் எடுக்க நீங்கள் கொடுக்கும் அனுமதி. 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு தடவையும் பின் கேட்காமலே போகும், 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வரும். யூபிஐ செயலியிலேயே அனுமதியை ரத்து செய்யலாம். ஆனால் அதை ரத்து செய்தால் மெம்பர்ஷிப் ரத்தாகிவிடாது. ஜிம்முக்குத் தனியாக மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்.

#13 மாஸ்டர்_அடையாறு

அம்மாவுக்கு முதலில் அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். நெஞ்சு வலி, நடந்தால் மூச்சு வாங்குவது, கண்ணில் சர்க்கரைப் பாதிப்பு, காலில் ஆறாத புண் இருந்தால் அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது. இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் என்றால் பயிற்சிக்கு முன் சர்க்கரை பார்த்து, 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே தொடங்க வேண்டும். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். வெறும் வயிற்றில் ஜிம் வேண்டவே வேண்டாம். எடை தூக்கும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது, பிபி திடீரென்று ஏறும்.

அவருக்கு "லேடீஸ் டைம்" நன்றாகப் பொருந்தும். மெஷின் சத்தமும் கூட்டமும் இருக்காது. ஆனால் உடனே வருஷத்துக்குச் சேர்க்காதீர்கள். முதல் மாதம் மாநகராட்சிப் பூங்காவில் நடை, வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 தடவை, சுவரில் தண்டால் 10 தடவை. இது ஒத்துவந்தால் ஜிம். முட்டி வலி இருந்தால் வேளச்சேரியிலேயே விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் வளாகம் இருக்கிறது. பெண்களுக்கான நேரத்தையும் கட்டணத்தையும் நேரில் விசாரியுங்கள்.

#14 இரும்புத்தட்டு

ஆப் பாஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஊரில் இரண்டு மூன்று இடத்தில் மாறி மாறி இருப்பவருக்கு, அடிக்கடி வெளியூர் போய் நிறுத்திவைக்க வேண்டியவருக்கு அது அருமை. உங்களுக்கு வீடும் வேலையும் பக்கத்துப் பக்கத்தில். 20,000 என்பது பட்ஜெட்டுக்குள்தான் வருகிறது, ஆனால் ஒரே தவணையில் கட்டணும். எடுப்பதாக இருந்தால் வீட்டுக்குப் பக்கத்துக் கிளை அந்தப் பாஸில் அடங்குகிறதா என்று செயலியில் உள்ள பட்டியலில் பாருங்கள், விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள். அந்தக் கிளையில் ரேக் உண்டா, இல்லை வகுப்பு மட்டும்தானா என்பதும் அதே அளவு முக்கியம்.

வீட்டில் செட் வாங்கலாமா என்று யாராவது கேட்கும் முன் சொல்கிறேன்: சிமெண்ட் நிரப்பிய பிளாஸ்டிக் தட்டு வாங்காதீர்கள். தடிமன் அதிகம், ராடில் நாலு தட்டுக்கு மேல் இடமே இருக்காது. வார்ப்பிரும்புத் தட்டைக் கிலோ கணக்கில் வாங்குவதுதான் சரி.

#15 நிலா_விஜயநகர்

இன்று காலை 9.15-க்கு அ-வுக்குப் போய்ப் பார்த்தேன். ரேக் ஒன்றுதான், சேஃப்டி பார் உண்டு, அந்த நேரத்தில் மூன்று பேர், அதில் ஒரு பெண். ராடில் எடை எழுதவில்லை, மெஷினில் பார்த்ததில் 9 கிலோ. 1.25 தட்டு இல்லை. கழிவறை சுத்தம். பெர்சனல் டிரெய்னிங் ஒரு செஷன் 500 என்றார் மாஸ்டர். மூணு மாசத்துக்குக் கட்டினால் அட்மிஷனை விட முடியுமா என்று கேட்டேன், பாதி குறைக்கிறேன் என்கிறார்.

#16 வரவுசெலவு

நல்ல இடமாகத் தெரிகிறது. உங்கள் மூணு மாசப் பட்ஜெட் 6,000. கட்டணம் 3,900, அட்மிஷன் 500, ஆக 4,400. மீதி 1,600-க்கு மூன்று செஷன் 1,500. ஸ்குவாட்டுக்கு ஒன்று, டெட்லிஃப்டுக்கு ஒன்று, மூன்றாவதை ஒரு மாதம் கழித்துத் திருத்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1.25 தட்டு ஜோடியை அடுத்த மாதம் வாங்கலாம். இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: மூணு மாசம் முடிந்து வருஷத்துக்கு மாறும்போது திரும்ப அட்மிஷன் கேட்கக் கூடாது. நடுவில் ஒரு மாதம் இடைவெளி விட்டால் புது உறுப்பினர் என்று மறுபடி வசூலிக்கிற பழக்கம் நிறைய இடத்தில் உண்டு.

#17 சட்டப்படி

ரசீதில் நாலு விஷயம் இருக்கட்டும்: ஜிம்மின் பெயர், மொத்தத் தொகை, அட்மிஷன் ஒரு தடவை மட்டும் என்ற குறிப்பு, தொடங்கும் தேதி. பணம் கட்டிய நாளையே தொடக்கமாகப் போடுவார்கள். நீங்கள் திங்கட்கிழமைதான் போகப்போகிறீர்கள் என்றால் திங்கட்கிழமைத் தேதியைப் போடச் சொல்லுங்கள், அநேகமாக மறுக்க மாட்டார்.